நட்சத்திரத்தின் வாழ்க்கையை ஆவணப்படமாக எடுப்பது எப்படி? பாகவதரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

பழைய நடிகர் ஒருவரைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர்களில் பெரும்பாலோர் ஒரே படத்தைத்தான் திரும்பத் திரும்ப எடுக்கிறார்கள். பிறந்த ஊர், வறுமை, நாடகக் கம்பெனி, முதல் வாய்ப்பு, புகழ், சரிவு, மரணம். நடுநடுவே சோபாவில் சாய்ந்தபடி ஒரு பெரியவர் "அவரை மாதிரி இன்னொருத்தர் பிறக்கப் போறதில்லை" என்பார். பின்னணியில் புல்லாங்குழல் அழும். பெயரை மட்டும் மாற்றினால் யாருக்கு வேண்டுமானாலும் பொருந்தும்.

அப்படியில்லாமல் எடுப்பதற்கான வழிமுறை இது. வெறும் பொது விதிகளாகச் சொன்னால் கையில் ஒன்றும் நிற்காது என்பதால் 1930களிலும் 40களிலும் பாடி நடித்துப் பெரும் நட்சத்திரமாக இருந்த எம்.கே. தியாகராஜ பாகவதரை உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். ஆவணப்படக்காரருக்கு வரக்கூடிய எல்லாச் சிக்கலும் அவரிடம் உண்டு: எளிதில் கிடைக்காத படங்கள், கொலை வழக்கு, ஊர் முழுக்க உலவும் கட்டுக்கதைகள், மறைந்துபோன சாட்சிகள், பின்னிக் கிடக்கும் உரிமைகள். இவரை எடுக்கத் தெரிந்தால் வேறு யாரையும் எடுத்துவிடலாம்.

1. முதலில் கேள்வி

"பாகவதரின் வாழ்க்கை" என்பது தலைப்புதான். அதை வைத்துப் படம் எடுக்க முடியாது. படத்துக்கு ஒரு கேள்வி வேண்டும். அந்தக் கேள்விக்குப் பதில் ஏற்கனவே உங்களுக்குத் தெரிந்திருக்கக் கூடாது.

பாகவதர் விஷயத்தில் என்னை உறுத்தும் கேள்வி இது. 1944 அக்டோபர் 16 தீபாவளிக்கு அவர் நடித்த ஹரிதாஸ் வெளியானது. சில வாரங்களில், கிசுகிசுப் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தனின் கொலை வழக்கு வெடித்து, பாகவதர் சிறைக்குப் போனார். அவர் உள்ளே இருந்த காலத்திலும் சென்னை பிராட்வே திரையரங்கில் ஹரிதாஸ் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று பேரெடுத்தது. 1947 ஏப்ரலில் அவர் விடுதலையாகி வந்தார். மறு ஆண்டே ராஜமுக்தி வந்தது. ஓடவில்லை. சிறையில் இருந்தவரின் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்த அதே கூட்டம், வெளியே வந்தவரின் படத்துக்கு ஏன் வரவில்லை?

கொலைப்பழி காரணம் என்றால் ஹரிதாஸ் அன்றைக்கே நின்றிருக்க வேண்டுமே. குரல் போய்விட்டது என்பவர்களுக்குப் பிந்தைய இசைத்தட்டுகளைப் போட்டுக் காட்டலாம். என் ஊகம் வேறு: அவர் இல்லாத அந்த இரண்டரை ஆண்டுகளை ஒட்டித் தமிழ் சினிமா பாட்டிலிருந்து வசனத்துக்கு நகரத் தொடங்கிவிட்டது. 1949இல் அண்ணாவின் வேலைக்காரி, 1952இல் பராசக்தி. அவருடைய முதல் படமான பவளக்கொடி வந்த 1934இல் ஒரே படத்தில் ஐம்பது பாட்டு இருந்தாலும் சனம் சலிக்காமல் கேட்டது. பராசக்தியைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் வீட்டில் ஒப்பித்தது நீதிமன்ற வசனத்தை. இந்த ஊகம் தவறாகவும் இருக்கலாம். தவறாக இருக்கும் வாய்ப்பு இருப்பதால்தான் படம் எடுக்க அது லாயக்கானது.

கேள்வி கிடைத்துவிட்டால் எதை விடுவது என்பதும் தெரிந்துவிடும். குழந்தைப் பருவத்துக்கு இருபது நிமிடம் தேவையில்லை. மாயவரத்தில் பிறந்து திருச்சியில் வளர்ந்தது, ரயில்வே அதிகாரியாக இருந்த எஃப்.ஜி. நடேசய்யர் ரசிக ரஞ்சன சபாவின் அரிச்சந்திரா நாடகத்தில் அவரை லோகிதாசனாக மேடையேற்றியது, இவ்வளவும் நான்கு நிமிடத்தில் முடியும்.

2. காலவரிசைத் தாள்

எக்செல் தாள் ஒன்றைத் திறந்து நான்கு பத்திகள் போடுங்கள்: தேதி, நிகழ்ச்சி, யார் சொன்னது, எப்போது சொன்னது. நாலாவது பத்தியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். படத்தின் தரம் அதில்தான் இருக்கிறது. 1944இல் அச்சான விளம்பரம் ஒரு வகை. 1980களில் ஒருவர் நினைவுகூர்ந்து எழுதியது இன்னொரு வகை. போன வருடம் யூடியூபில் யாரோ சொன்னது மூன்றாம் வகை. மூன்றுக்கும் மூன்று நிறம் கொடுத்துவிடுங்கள். பெரும்பாலான நட்சத்திரங்களின் தாள் முக்கால்வாசி மூன்றாம் நிறத்தில் இருப்பதைப் பார்த்து ஆடிப்போகாதீர்கள், எல்லோருக்கும் அப்படித்தான்.

ஒரு செய்தியை எப்படிச் சோதிப்பது என்று பார்ப்போம். "ஹரிதாஸ் மூன்று தீபாவளி ஓடியது, மொத்தம் 114 வாரம்" என்கிறார்கள். கணக்குப் போடுங்கள். 114 வாரம் என்றால் 798 நாள். 1944 அக்டோபர் 16இலிருந்து எண்ணினால் 1946 டிசம்பர் மூன்றாம் வாரத்துக்கு அப்பால் வருகிறது. 1945 தீபாவளி நவம்பர் தொடக்கத்தில், 1946 தீபாவளி அக்டோபரில். ஆக மூன்று தீபாவளியும் அந்த 114 வாரத்துக்குள் அடங்குகின்றன. இரண்டு செய்தியும் ஒன்றோடொன்று முரண்படவில்லை. இது நிரூபணம் ஆகிவிடாது, பாதி வேலைதான். மீதிப் பாதிக்கு அந்த இரண்டு ஆண்டுகளின் நாளிதழ்களில் திரையரங்கு விளம்பரப் பத்தியை வாரம் ஒன்றாகப் புரட்ட வேண்டும். அலுப்பான வேலைதான். ஆனால் அந்த விளம்பரங்களையே வரிசையாகத் திரையில் ஓடவிட்டால், வாரம் ஏறிக்கொண்டே போவதையும், அதே பத்திரிகையின் வேறு பக்கத்தில் வழக்குச் செய்தி வருவதையும் பார்வையாளர் தன் கண்ணால் பார்ப்பார். விவரணையே வேண்டாம்.

சோதிக்க முடியாதவையும் உண்டு. தங்கத்தட்டில் சாப்பிட்டார் என்பது, அவர் கச்சேரியைக் கேட்க ரயிலை நிறுத்திவிட்டார்கள் என்பது. இவற்றைத் தூக்கி எறிய வேண்டாம். "இப்படிச் சொல்கிறார்கள்" என்று மூன்று பேர் மூன்று விதமாகச் சொல்வதை அடுத்தடுத்து வையுங்கள். ஒருவர் கதையில் ரயில் ஐந்து நிமிடம் நிற்கும், இன்னொருவர் கதையில் அரை மணி நேரம். கட்டுக்கதை வளர்வதே ஒரு நல்ல காட்சி.

"கடைசியில் ஒன்றுமில்லாமல் போனார்" என்ற கதையைத்தான் கறாராகச் சோதிக்க வேண்டும். தாளைப் பாருங்கள்: 1948இல் ராஜமுக்தி, 1952இல் அமரகவி, சியாமளா, 1957இல் அவரே இயக்கிய புதுவாழ்வு. 1959 நவம்பர் 1இல் சென்னை பொது மருத்துவமனையில் இறந்தார். சிவகாமி அதற்குப் பிறகு 1960இல் வெளியானது. விடுதலைக்குப் பின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்துகொண்டிருந்தவர் அவர். அந்த ஆண்டுகளை இரண்டு சோக ஷாட்டில் கடந்துபோவது நியாயமில்லை.

3. தேடும் இடங்கள்

புனேயின் தேசிய திரைப்பட ஆவணக் காப்பகம் முதல் கதவு. எந்தப் படத்தின் பிரதி இருக்கிறது, எந்த நிலையில் இருக்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். பிரதி இருப்பது வேறு, அதைப் பார்க்க விடுவது வேறு, கிளிப் எடுக்க விடுவது வேறு. மூன்றுக்கும் தனித்தனி அனுமதி, தனித்தனிக் கட்டணம். மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டே திட்டமிடுங்கள்.

பழைய படங்கள் ஏன் கிடைப்பதில்லை என்பதைப் படத்திலேயே ஒரு நிமிடம் சொல்வது நல்லது. 1950களின் தொடக்கம் வரை பயன்பட்டது நைட்ரேட் ஃபிலிம். பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது, தானாகவும் மக்கிப்போகும். ஃபிலிமில் இருந்த வெள்ளிக்காகக் கரைத்து விற்றவர்களும் உண்டு. ஓடி முடிந்த படத்துக்கு இனி மதிப்பில்லை என்று தயாரிப்பாளரே நினைத்த காலம் அது.

சென்னைத் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உங்களுக்கு இரண்டாம் வீடாகிவிட வேண்டும். அங்கே கேட்க வேண்டியது பாட்டுப் புத்தகங்கள். அந்நாளில் திரையரங்கு வாசலில் சில்லறைக் காசுக்கு விற்ற மெல்லிய புத்தகம். உள்ளே நடிகர் பட்டியல், கதைச் சுருக்கம், எல்லாப் பாட்டும் ராகத்தோடு. கதைச் சுருக்கம் முக்கியமான திருப்பத்தில் நின்று "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று முடியும். பிரதி கிடைக்காத படத்துக்கு இதைவிட நல்ல ஆதாரம் வேறில்லை. பின்னட்டை விளம்பரத்தையும் ஸ்கேன் செய்துகொள்ளுங்கள். எந்தச் சோப்பும் எந்தத் தைலமும் நட்சத்திரத்தின் முதுகில் ஏறி விற்றன என்பது தெரியும். எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் கன்னிமாரா நூலகமும் இருக்கின்றன. 1942இல் தொடங்கிய பேசும் படம் போன்ற பத்திரிகைகளின் பழைய இதழ்களை ஒன்றுவிடாமல் தேடுங்கள்.

ஊர்களிலும் ஆதாரம் உண்டு. மதுரையில் ராயல் டாக்கீஸார் பாகவதர் நடித்த சிந்தாமணி படத்தின் லாபத்தில் ஒரு திரையரங்கு கட்டி அதற்குச் சிந்தாமணி என்றே பெயர் வைத்தார்கள். 1937இல் ஒரு படம் எவ்வளவு வசூலித்தது என்று யாரும் நம்பும்படி சொல்ல முடியாது; அந்தக் கட்டடத்தின் பெயரே போதும்.

தனியார் சேகரிப்பாளர்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் வாழ்நாளெல்லாம் சேர்த்த இசைத்தட்டுகளை "ரெண்டு நாள்ல தந்துடறேன் சார்" என்று கேட்காதீர்கள். அவர் ஏற்கனவே பலரிடம் ஏமாந்திருப்பார். ஸ்கேனரையும் ஒலிப்பதிவுக் கருவியையும் அவர் வீட்டுக்குக் கொண்டு போங்கள். அவர் முன்னாலேயே பதிவு செய்யுங்கள். கிளம்பும் முன் எல்லாவற்றின் பிரதியையும் ஒரு ஹார்டு டிஸ்கில் போட்டு அவரிடம் கொடுங்கள். டைட்டிலில் எந்தப் பெயர் எந்த இன்ஷியலோடு வர வேண்டும் என்று அப்போதே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இவ்வளவு செய்தால் அவரே அடுத்த சேகரிப்பாளரின் போன் நம்பரைத் தருவார்.

4. காதுக்கான வேலை

பாகவதரின் ரசிகர்கள் முதலில் கேட்டவர்கள், பிறகுதான் பார்த்தவர்கள். அதனால் ஒலிக்குச் செலவிடும் பணம் ஒளிக்குச் செலவிடுவதைவிட அதிகமாக இருந்தாலும் தப்பில்லை.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடம் சொச்சம். அதன் பள்ளம் பின்னால் வந்த நீண்ட நேர இசைத்தட்டான எல்பியைவிட அகலமானது. எல்பி முள்ளை வைத்தால் பள்ளத்தின் அடியில் தட்டி இரைச்சல்தான் வரும். 78க்கென்று உள்ள அகல முள்ளையே போட வேண்டும். தட்டை முதலில் சுத்தம் செய்துவிட்டுப் பதியுங்கள். மூலப் பதிவில் கைவைக்காமல் ஒரு பிரதியில் மட்டும் இரைச்சலைக் குறையுங்கள். இரைச்சலை முழுக்கத் துடைத்தால் குரலின் மேல்பகுதியும் சேர்ந்து போய்விடும். கொஞ்சம் கரகரப்பு இருக்கட்டும்.

அப்புறம் வேகம். "78" என்று தட்டில் போட்டிருந்தாலும் அந்தக்காலத்துப் பதிவு இயந்திரங்கள் எல்லாம் அதே வேகத்தில் சுழன்றதில்லை. 78க்குப் பதில் 82இல் ஓடவிட்டால் வேகம் ஐந்து சதவீதம் கூடும், சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். "பாகவதர் எவ்வளவு உச்சத்தில் பாடியிருக்கிறார் பாருங்கள்" என்று வியப்பவர்கள் சில நேரம் இயந்திரத்தை வியக்கிறார்கள். படப் பிரதிகளிலும் இதே சங்கடம் உண்டு. வினாடிக்கு 24 சட்டகத்தில் எடுத்த படத்தைத் தொலைக்காட்சிக்கும் விசிடிக்கும் 25 ஆக மாற்றியபோது நான்கு சதவீதம் வேகம் கூடியது, குரலும் கூடவே ஏறியது. இணையத்தில் கிடைப்பவை பல அந்த வழி வந்தவையே. கர்நாடக இசை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சுருதிப் பெட்டியோடு சரிபார்க்காமல் எந்தப் பாட்டையும் டைம்லைனில் ஏற்றாதீர்கள்.

இன்னொன்று. அந்நாளில் படத்தில் ஒலித்ததும் தட்டில் வந்ததும் பெரும்பாலும் ஒரே பதிவு அல்ல. தட்டுக்கென்று தனியே பாடிப் பதிந்தார்கள். ஒரே பாட்டை வேறொருவர் பாடிய தட்டுகளும் சந்தையில் இருந்தன. தட்டின் லேபிளைப் படம் பிடித்து, எந்தப் பதிவு எது என்று தாளில் குறித்துவைக்காவிட்டால், வேறொருவர் குரலைப் பாகவதர் குரல் என்று போட்டு மாட்டிக்கொள்வீர்கள். முதல் நாளே ரசிகர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள்.

5. உரிமை

இங்கேதான் முக்கால்வாசிப் படங்கள் முடங்குகின்றன. 2024 நவம்பரில் நயன்தாரா பற்றிய நெட்ஃபிளிக்ஸ் ஆவணப்படம் வந்தபோது நடந்ததை எல்லோரும் பார்த்தோம். நானும் ரவுடி தான் படப்பிடிப்புக் காட்சிகள் மூன்றே வினாடி வந்ததற்கு அதன் தயாரிப்பாளரான தனுஷ் தரப்பு 10 கோடி ரூபாய் கேட்டதாக நயன்தாரா திறந்த கடிதம் எழுதினார். விவகாரம் சென்னை உயர்நீதிமன்றம் வரை போனது. யார் பக்கம் நியாயம் என்பதை விடுங்கள். நட்சத்திரம் கூடவே இருந்தாலும் அவர் நடித்த காட்சிக்கு அவர் உரிமையாளர் இல்லை என்பதை மட்டும் மனதில் வையுங்கள்.

பழைய படத்துக்கு நிலைமை வேறு. இந்தியச் சட்டப்படி திரைப்படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் காப்புரிமை, வெளியான ஆண்டு முடிந்ததிலிருந்து 60 ஆண்டுகள். 1944இல் வந்த ஹரிதாஸுக்கு அது 2004 இறுதியோடு முடிந்துவிட்டது. உடனே குதிக்காதீர்கள். அதில் வரும் பாட்டு ஒரு தனிப் படைப்பு. பாடல் வரிக்கும் மெட்டுக்கும் காப்புரிமை, படைத்தவர் இறந்த ஆண்டுக்குப் பின் 60 ஆண்டுகள். "மன்மத லீலையை வென்றார் உண்டோ" எழுதிய பாபநாசம் சிவன் இறந்தது 1973 அக்டோபரில். ஆக வரிகளுக்கான உரிமை 2033 இறுதி வரை உயிரோடு இருக்கிறது. படம் பொதுச் சொத்து, பாட்டு இல்லை! அந்த உரிமை இப்போது யார் கையில் என்று தேடி, எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும்.

விமர்சனத்துக்காகச் சிறு பகுதியை எடுத்துக்காட்ட காப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு இடம் தருகிறது. ஒரு பாட்டின் இருபது வினாடியைக் காட்டி அதன் பாடும் முறையை ஒருவர் விளக்கினால் அது வாதாடக்கூடியது. முழுப் பாட்டையும் ஓடவிட்டு மேலே டைட்டில் போட்டால் அது விமர்சனம் ஆகாது. எத்தனை வினாடி வரை பரவாயில்லை என்று சட்டத்தில் எந்தக் கணக்கும் கிடையாது. யாராவது கணக்குச் சொன்னால் நம்பாதீர்கள். காப்புரிமை தெரிந்த வழக்கறிஞருக்குக் கொடுக்கும் தொகையைப் பட்ஜெட்டின் முதல் வரியில் எழுதுங்கள்.

வாழ்க்கைக் கதைக்கு வாரிசுகளிடம் அனுமதி வேண்டுமா? இதில் தமிழ்நாட்டு வழக்குகளே வழிகாட்டி. 1994இல் ஆட்டோ சங்கர் கதையை நக்கீரன் வெளியிடுவது பற்றிய ராஜகோபால் வழக்கில், பொது ஆவணங்களில் உள்ளதை அனுமதியில்லாமலும் எழுதலாம் என்றது உச்ச நீதிமன்றம். ஜெயலலிதா வாழ்க்கைப் படத்தை எதிர்த்துத் தீபா தொடுத்த வழக்கில், ஒருவரின் அந்தரங்க உரிமை அவரோடு முடிந்துவிடுகிறது, வாரிசுக்குப் போவதில்லை என்று 2021இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது. ஆனால் குற்றவியல் அவதூறு தனி. இறந்தவரைப் பற்றிய பழி, குடும்பத்தாரின் மனதைப் புண்படுத்தும் நோக்கில் சொல்லப்பட்டால், அதுவும் அவதூறாகலாம் என்று சட்டத்தில் விளக்கமே இருக்கிறது.

சட்டப்படி தேவையில்லை என்றாலும் குடும்பத்தைப் போய்ப் பாருங்கள். ஆல்பமும் கடிதமும் அவர்களிடம்தான் இருக்கும். ஒன்றை மட்டும் முதல் சந்திப்பிலேயே தெளிவாக்கிவிடுங்கள்: படத்தை முடித்ததும் காட்டுவேன், தேதியோ பெயரோ தப்பாக இருந்தால் திருத்துவேன், ஆனால் எதை வைப்பது எதை நீக்குவது என்பது என் முடிவு. பின்னால் சொன்னால் சண்டை.

6. பேட்டி

1944இல் பத்து வயதில் ஹரிதாஸ் பார்த்தவருக்கு இப்போது தொண்ணூறைத் தாண்டியிருக்கும். ஆகவே திரைக்கதை எழுதி முடிக்கும் வரை காத்திருக்காதீர்கள். நிதி வருவதற்கு முன்பே, கையில் இருக்கும் கேமராவில், மூத்தவர்களை முதலில் பதிவு செய்யுங்கள். ஆராய்ச்சியாளர்கள் இரண்டு வருடம் கழித்தும் இருப்பார்கள்.

முதியவரிடம் "பாகவதரைப் பற்றிச் சொல்லுங்க தாத்தா" என்று கேட்டால் எங்கோ படித்ததைத் திருப்பிச் சொல்வார். கேள்வியைப் பொருளில் இறக்குங்கள். எந்தக் கொட்டகை, தரை டிக்கெட்டா பெஞ்சா, யாரோடு போனீர்கள், வீட்டில் தெரியுமா, பாகவதர் கிராப் வைத்துக்கொண்டவர்கள் தெருவில் யார் யார்? காலரில் மைக்கை மாட்டிவிட்டு, கேள்வியே கேட்காமல் ஒரு பாட்டைப் போடுங்கள். கை தொடையில் தாளம் போடத் தொடங்கும். இரண்டாம் அடியில் அவரும் சேர்ந்துகொள்வார். கேமராவை முகத்திலேயே வைத்திருங்கள், கைக்கு இன்னொரு கேமரா. பாட்டு முடிந்ததும் நீங்கள் பேசாமல் இருந்தால், அடுத்து அவர் சொல்வதுதான் உங்களுக்கு வேண்டியது.

காலையில் பதிவு செய்யுங்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேண்டாம். மின்விசிறியை நிறுத்தினால் பெரியவருக்கு வியர்க்கும், நிறுத்தாவிட்டால் ஒலி கெடும். வேகத்தைக் குறைத்து மைக்கை நெருக்கி வைப்பதே வழி. அறையின் வெறும் ஒலியை ஒரு நிமிடம் தனியே பதியுங்கள், எடிட்டில் கை கொடுக்கும்.

பிரபலங்களின் புகழுரை? இரண்டு பேர் போதும். அதுவும் நட்சத்திரத்தோடு வேலை செய்தவராகவோ அவரது கலையைப் பிரித்துச் சொல்லத் தெரிந்தவராகவோ இருந்தால் மட்டும்.

7. வழக்கு

லட்சுமிகாந்தன் வழக்கை எப்படிக் கையாளுகிறீர்கள் என்பதில்தான் உங்கள் படத்தின் யோக்கியதை தெரியும். வழக்கின் சுருக்கத்தை முதலில் நேராகச் சொல்லுங்கள். சி.என். லட்சுமிகாந்தன் சினிமா தூது என்ற பத்திரிகையை நடத்தினார். நடிகர்களைப் பற்றிய கிசுகிசு அதன் சரக்கு. பாகவதர், நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன், இயக்குநர் ஸ்ரீராமுலு நாயுடு ஆகியோர் ஆளுநரிடம் முறையிட்டு அதன் உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். அவர் இந்து நேசன் என்ற பெயரில் மறுபடி தொடங்கினார். 1944 நவம்பர் 8 அன்று வேப்பேரியில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். மூவரும் கைதானார்கள். சென்னை உயர்நீதிமன்றத்தில் ஜூரிகளோடு (வழக்கைக் கேட்டு, குற்றவாளியா இல்லையா என்று சொல்லும் பொதுமக்கள் குழு) நீதிபதி மோக்கெட் முன் விசாரணை. நாயுடு விடுபட்டார், பாகவதருக்கும் கிருஷ்ணனுக்கும் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தோற்று, அன்றைக்கு உச்ச மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சிலுக்குப் போய், அது சென்னைக்கே திருப்பி அனுப்ப, 1947 ஏப்ரலில் இருவரும் விடுதலை.

இதற்கு மேல் "உண்மையில் யார் செய்தது" என்று துப்பறிய இறங்காதீர்கள். ஓடிடிக்காரர்களுக்கு அது பிடிக்கும், தெரியும். ஆனால் உங்களிடம் புதிய ஆவணம் இல்லாமல் பழைய ஊகத்துக்குப் புதிய பின்னணி இசை சேர்ப்பது மட்டுமே நடக்கும். பிரிவி கவுன்சில் தீர்ப்பு சட்ட அறிக்கைத் தொகுதிகளில் கிடைக்கிறது. அதை ஒரு வழக்கறிஞரோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்து, அதன் வாசகங்களையே குரலில் தாருங்கள். ஜூரி என்றால் என்ன என்று இன்றைய இளைஞருக்குத் தெரியாது. ஒரு நிமிடம் ஒதுக்கி விளக்குங்கள். லட்சுமிகாந்தனும் கொலையுண்ட ஒரு மனிதர் என்பதையும் மறக்க வேண்டாம். நட்சத்திரத்தை நேசிப்பவர்கள் அவரை வில்லனாக மட்டும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதே பகுதிக்குப் பக்கத்தில் வைக்க ஒரு துணைக்கதை இருக்கிறது. ராஜமுக்தி வேலைக்காகப் புனே போன புதுமைப்பித்தன் காசநோயோடு திரும்பி, 1948 ஜூனில் இறந்தார். ஒரே படத்தில் ஒரு நட்சத்திரத்தின் மறுவரவும் ஒரு எழுத்தாளரின் முடிவும். அழகான செய்திதான். ஆனால் நம் கேள்விக்கு அது பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டு வையுங்கள். எனக்குச் சந்தேகமாகத்தான் இருக்கிறது.

8. படம் இல்லாத இடத்தில்

மீள்நடிப்பு வேண்டாம் என்பதே என் கருத்து. பாகவதர் சாயலில் ஒருவருக்கு விக் மாட்டிச் சிறைக்கம்பிக்குப் பின்னால் நிற்கவைத்தால், அதுவரை சேர்த்த நம்பகத்தன்மை அந்த ஒரு ஷாட்டில் போய்விடும். கையில் ஆவணம் இருந்தால் அதைக் காட்டுங்கள், ஆவணம் கிடைக்காத சம்பவத்துக்கு அது நடந்த இடத்தை இன்றைய நிலையில் காட்டுங்கள். இறந்தவரின் குரலைக் கணினியில் உருவாக்கிப் பேசவைக்கும் வித்தையும் இப்போது வந்துவிட்டது. பாட்டுக்காகவே கொண்டாடப்பட்ட ஒருவருக்குப் போலிக்குரல் கொடுப்பது எனக்குச் சம்மதமில்லை.

பழைய படத்தின் சட்டகம் ஏறத்தாழ 4க்கு 3. அகலத் திரைக்காக மேலும் கீழும் வெட்டாதீர்கள், இழுத்துப் பருமனாக்காதீர்கள். இருபக்கமும் கறுப்பு விடுங்கள். வண்ணம் பூசவும் வேண்டாம். புகைப்படத்தை எப்போதும் மெல்ல ஜூம் செய்துகொண்டே இருக்க வேண்டும் என்ற விதியை யார் போட்டார்களோ தெரியவில்லை. சில படங்கள் அசையாமல் நின்றால்தான் கண் உள்ளே போகும்.

9. எடிட்

பேட்டிகள் முழுவதையும் எழுத்தாக்குங்கள். அச்செடுத்து, வேண்டிய வரிகளைக் குறித்து, காகிதத்திலேயே படத்தை ஒருமுறை அடுக்கிப் பாருங்கள். பிறகுதான் கணினி. பிறப்பிலிருந்து தொடங்க வேண்டாம். பிராட்வே விளம்பரங்களில் தொடங்கி, சிறை, பிறகு பின்னோக்கிப் பவளக்கொடி என்று போகலாம். நீளம் எழுபது நிமிடத்துக்கு மேல் போனால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் காரணம் கேளுங்கள். போர்க்காலத்தில் கச்சா ஃபிலிம் தட்டுப்பாட்டால் 11,000 அடிக்கு மேல் படம் எடுக்கக் கூடாது என்று அரசு வரம்பு போட்டது. அதாவது இரண்டு மணி நேரம். அந்த வரம்புக்குள் வந்த படம்தான் ஹரிதாஸ்!

விவரணையைக் கடைசியில் எழுதுங்கள். படம் காட்டுவதைக் குரல் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "காலம் அவரைக் கரைத்தது" வகை வாக்கியங்கள் வந்தால் அடித்துவிட்டு அந்த இடத்தில் ஒரு தேதியைப் போடுங்கள்.

10. வெளியீடு

திரையரங்கில் காட்ட ஆவணப்படத்துக்கும் தணிக்கைச் சான்றிதழ் தேவை. திரைப்பட விழாவுக்கு மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் விலக்கு வாங்கலாம். பெரும்பாலும் விழாக்காரர்களே அதைப் பார்த்துக்கொள்வார்கள். யூடியூபில் ஏற்றும் முன் எல்லா அனுமதிக் கடிதங்களையும் ஒரே கோப்பில் ஸ்கேன் செய்து வையுங்கள். பழைய பாட்டு என்றாலும் இசை நிறுவனங்களின் தானியங்கி உரிமைக் கோரிக்கை சில மணி நேரத்தில் வந்து நிற்கும், மறுப்பு எழுத அந்தக் கோப்பு வேண்டும். ஓடிடிக்குப் போவதாக இருந்தால் ஒவ்வொரு கிளிப்புக்கும் புகைப்படத்துக்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்ற பட்டியல் கேட்பார்கள். இரண்டாம் கட்டத்தில் தொடங்கிய தாளில் ஒரு பத்தி கூடுதலாகப் போட்டிருந்தால் அது தயாராக இருக்கும்.

படம் வந்த பிறகு, வெட்டாத முழுப் பேட்டிகளையும் ஸ்கேன்களையும் அந்தத் தாளையும் ரோஜா முத்தையா நூலகம் போன்ற ஒரு இடத்தில் ஒப்படைத்துவிடுங்கள். பேட்டி கொடுத்தவர்களிடம் அதற்கும் சேர்த்தே முதலில் கையெழுத்து வாங்கியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மறுபடியும் ஒரு சுற்று எல்லோர் வீட்டுக்கும் போய்வர வேண்டியிருக்கும்.